சின்னராசா ரைட் சொல்லாத காலை

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஆங்கிலம் தெரியாதவர்கள் உண்டு; ரைட் தெரியாதவர்கள் கிடையாது. பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பி முடித்ததும் கங்காணி சொல்வது ரைட். எல்லா நோய்க்கும் ஒரே சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு மருந்துக்கார ஐயா சொல்வதும் அதுதான். பள்ளிக்கூடத்தில் அது சிலேட்டில் விழும் ஒரு கோடு. பந்து விளையாட்டில் மைதானத்தின் ஓர் ஓரம். அங்கே நிறுத்தப்படுகிறவனிடம் பந்து வருவதில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று துரையிடம் போய் நின்றால், அவர் வானத்தை ஒரு தடவையும் நம்மை ஒரு தடவையும் பார்த்துவிட்டு ரைட் என்பார். கூரை தொடர்ந்து ஒழுகும். பாடையைத் தோளுக்கு ஏற்றும்போதும் முன்னால் நிற்பவர் ரைட் என்றுதான் குரல் கொடுக்கிறார். செத்தவர் யாரும் இதுவரை மறுத்ததில்லை. சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஓட்டுரிமையை எடுத்துக்கொண்டார்களே, அப்போதும் கொழும்பில் யாரோ ஒருவர் இந்தச் சொல்லைச் சொல்லித்தான் பேனாவை மூடியிருக்க வேண்டும்.

இருந்தாலும், சொன்னால் சொன்னபடி நடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது நல்லதண்ணியிலிருந்து ஹட்டனுக்குப் போகும் காலை பஸ்.

அதை ஓட்டியவர் நூர்தீன் நானா. ஒரு முறை மூடுபனியில் தாமாகவே வண்டியை எடுத்து, படியில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக இருந்த ஒருவரைக் கொஞ்ச தூரம் இழுத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து, கண்டக்டர் வாயிலிருந்து ரைட் வராமல் கியரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். அந்தக் கண்டக்டர்தான் சின்னராசா.

சின்னராசா மேட்டுத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பூரணியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். ஹட்டனில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துவிட்டதாகவும், அதில் ஜன்னல்கூட இருப்பதாகவும் சொல்லிக் கேட்டிருந்தான். பூரணியின் அப்பா, உன் புத்திக்குப் பட்டதைச் செய் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பூரணி ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில், சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் சம்மதம் என்றும், ஏறாவிட்டால் அதற்குப் பிறகு தன்னிடம் பேச வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை பனி மலையை விட்டு இறங்கி ரோட்டில் உட்கார்ந்திருந்தது. சிவனொளிபாத மலையில் சூரியோதயம் பார்க்கப் போனவர்கள் பனியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, நல்லதண்ணியில் பஸ்ஸை நிரப்பி, கம்பளியால் முக்காடிட்டுத் தூங்கிவிட்டார்கள். சின்னராசா முன் பக்கத்துக்கு மட்டும் டிக்கெட் கிழித்தான். பின் பக்கம் போக அவனுக்கு மனம் இல்லை. மேட்டுத் தோட்டச் சந்தி வந்ததும் குதித்து இறங்கினான்.

சந்தியில் யாரும் இல்லை.

"ரைட்டா தம்பி?" என்றார் நூர்தீன்.

"இருங்க நானா, மாடு ஒன்னு குறுக்க நிக்குது."

இன்ஜினை நிறுத்தினால் முன்னால் போய்க் கம்பியைப் போட்டுச் சுற்ற வேண்டும் என்பதால் நூர்தீன் அதை ஓட விட்டிருந்தார். பஸ் நின்ற இடத்தில் நின்று நடுங்கியது. காற்று எழுந்து, பனியை ஜன்னல்களின் ஓரமாக முன்னிருந்து பின்னாகத் தள்ளிக்கொண்டு போனது. தேயிலையும் மரமும் தெரியவில்லை. வெள்ளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அரைக் கண் திறந்தவர்கள் எல்லோரும், பஸ் போகிறது என்று நிம்மதியாக மறுபடி மூடிக்கொண்டார்கள். பஸ் என்றாலே வயிற்றைப் புரட்டும் பேச்சியம்மா எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். நோர்வூட் தாண்டிவிட்டதா என்று ஒருவர் தூக்கத்திலேயே கேட்டார். கணக்கப்பிள்ளை சிவசாமி கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, "வளைவுல மெதுவா போகச் சொல்லப்பா. புள்ளகுட்டிக்காரங்க இருக்கோம்," என்றார்.

மெதுவாகத்தான் போகிறோம் என்றான் சின்னராசா.

பனிக்குள் ஒரு பெண் நின்றாள். கிட்டப் போனால் மைல்கல். இன்னொருத்தி கூடையோடு வந்தாள்; அவள் ஒரு தேயிலைச் செடியாகிப் பின்வாங்கினாள். பனி அவனுக்கு வரிசையாகப் பூரணிகளைச் செய்து காட்டி, ஒவ்வொருத்தியாகக் கலைத்தது. ஒருத்தி சிரித்ததுகூடக் கேட்டது. அது வாய்க்கால். அவன் நாக்கின் நுனியில் அந்தச் சொல் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் பஸ் போய்விடும். அவளும் அவன் வாழ்க்கையில் வராமலே போய்விடுவாள்.

"மாடு கன்னு போட்டுருச்சா தம்பி?" என்று நூர்தீன் விசாரித்தார்.

சின்னராசா படியில் ஏறினான். கம்பியைப் பிடித்தான். பிறகு வாயைத் திறந்தான். வெறும் ஆவிதான் வந்தது.

"பின்னால இருக்கறவங்களுக்கு டிக்கெட்டு குடுக்க மாட்டீங்களா?"

கடைசி இருக்கையில் ஒரு கம்பளி முக்காடு விலகியது. மடியில் துணி மூட்டையோடு பூரணி உட்கார்ந்திருந்தாள். சந்தியில் நின்றால் லயமே வேடிக்கை பார்க்கும் என்று, விடிவதற்கு முன்பே குறுக்குப் பாதையில் நல்லதண்ணிக்கு நடந்து போய், மலையிறங்கியவர்களோடு ஏறியிருக்கிறாள்.

ஏன் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கவில்லை என்று அவன் கேட்டான்.

"எவ்வளவு நேரம் நிக்கிறீங்கன்னு பாத்தேன்," என்றாள். "மாடுன்னு என்னையத்தான் சொன்னீங்களா?"

சின்னராசா டிக்கெட் கட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் கண்டக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"ஹட்டனுக்குங்களா? போய்வரவா, போக மட்டுமா?"

பூரணி வெளியே ஓடும் வெள்ளையைப் பார்த்தாள். மூட்டையின் முடிச்சை ஒரு தடவை இறுக்கினாள்.

"போக மட்டும்."

பேச்சியம்மாவும் புரட்டலை மறந்து திரும்பிப் பார்த்தாள். டிக்கெட் கிழிபட மறுத்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நூர்தீன் நானா, யாரையும் எதையும் கேட்காமல், தம் சத்தியத்துக்கு ஒரு நாள் லீவு கொடுத்துக் கியரைப் போட்டார்.

பஸ் நிஜமாகவே கிளம்பியது. மறுபடி தூங்கிப்போயிருந்த சிவசாமி அந்தக் குலுக்கலில் விழித்துக்கொண்டு, ஹட்டன் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"வந்துருச்சுங்க," என்றான் சின்னராசா.