ஆடாமல் நிற்காத பூ

அக்கா கண் டாக்டர். தங்கை சோப்பு அட்டைகளுக்குப் பூ வரைபவள். வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அதுவே நிலைத்துவிட்டது.

சின்னவளின் ரோஜாவில் இதழ்களை எண்ணிப் பார்க்கலாம். விளிம்பில் ஒரு பனித்துளியும் இருக்கும். பனித்துளி இல்லாத பூவை சோப்புக் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெரியவள் தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கப் புதிதாக ஒரு கூடம் கட்டினாள். சுவர் வெறிச்சென்று இருந்தது. தங்கையைக் கூப்பிட்டாள்.

"இந்தச் சுவர் முழுக்க வர்ற மாதிரி ஒரு பூப்படம் போட்டுக் குடு. பாத்தா மனசுக்கு இதமா இருக்கணும்."

"பனித்துளி வேணுமா?"

"அது உன் இஷ்டம். ஆனா பூ பூ மாதிரி இருக்கணும். உன் வாலையெல்லாம் இங்க ஆட்டாதே."

வாலை ஆட்டும் எண்ணம் சின்னவளுக்கு அப்போது துளியும் இல்லை. சோப்புக்குத்தான் போட்டோவைப் பார்த்து வரைவாள். அக்காவுக்கு நிஜப் பூவையே பார்த்து வரைந்து தர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஊர்க்கோடியில், கடைசி பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு குன்று உண்டு. சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் காட்டுப்பூ. மடக்கு நாற்காலியும் பலகையும் பென்சிலுமாகக் காலை பஸ்ஸில் ஏறிப் போனாள்.

குன்றில் காற்று ஓயவே இல்லை. அவள் ஒரு இதழை வரைந்து நிமிர்வதற்குள் பூ வேறு பக்கம் திரும்பியிருக்கும். மறுநாள் தலைமுடி ரப்பரால் காம்பை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டினாள். பூ நின்றது, ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவைத்த ஆள் போல விறைத்து நின்றது. பாவமாக இருந்தது, அவிழ்த்துவிட்டாள். பிறகு ஒரு பாறை மறைவில், காற்றுப் படாத பூ ஒன்று அகப்பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி வரைந்திருப்பாள். எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்து அதைக் கடித்துத் தின்றது. மென்றுகொண்டே அவளை ஏறிட்டுப் பார்த்தது, "இன்னும் இருக்கா?" என்று கேட்பதுபோல.

சின்னவள் பென்சிலை விட்டெறிந்துவிட்டுப் புல்லில் மல்லாந்து விழுந்தாள். முதலில் அழுகைதான் வந்தது. ஆட்டின் முகம் ஞாபகம் வரவும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் அந்தச் சரிவு ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூ இருந்த இடத்தில் ஊதாத் திட்டுகள் மிதந்தன. இத்தனை வருஷமாகத் தான் வரைந்ததெல்லாம் பூவின் பாஸ்போர்ட் போட்டோதான் என்று பட்டது.

அதற்குப் பிறகு அவள் பென்சில் கொண்டுபோகவில்லை. சும்மா போய் உட்கார்ந்திருந்தாள். மேகம் கடக்கும்போது மஞ்சள் கெட்டிப்படுவதைப் பார்த்தாள். காற்று அடித்தால் இலைகள் வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டித் திரும்புவதைப் பார்த்தாள். பூவில் உட்காரப் போய், பூ நகர்ந்துவிட்டதால் அந்தரத்தில் தடுமாறிய ஒரு வண்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து சோபாவை ஓரமாகத் தள்ளினாள். படத்துக்கு வாங்கிய சுவரகலத் துணியைத் தரையில் விரித்து, சுவருக்கு வெள்ளையடிக்கும் பட்டைத் தூரிகையால் வரையத் தொடங்கினாள். படத்தில் இதழ் என்று எதுவும் இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மஞ்சள் ஓடியது. நடுவே ஊதாத் திட்டுகள். எதிலும் ஒட்டாமல் ஒரு கரும்புள்ளி; அதுதான் அந்த வண்டு. பெரியவள் வெளியூர் கூட்டத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து, படத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாள்.

பெரியவள் திரும்பி வந்த அன்று, பின்வாசல் வழியாக நேரே தன் அறைக்குப் போய், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்குக் கண் கட்டைப் பிரித்தாள். இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு" என்று சரியாகச் சொல்லிவிட்டுச் சந்தோஷமாக வெளியே போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"டாக்டரம்மா, மோசம் போயிட்டேன்!"

"என்னங்க ஆச்சு?"

"உங்க முகம் தெரியுது, விரல் தெரியுது. வெளிய இருக்குற பூ மட்டும் கலைஞ்சு ஓடுது!"

பெரியவள் கூடத்துக்கு ஓடினாள். படத்தின் முன்னால் ஒரு கூட்டமே நின்று, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோயிருந்தார். பெரியவள் அங்கிருந்தே போன் போட்டாள்.

"அடியே! நான் உள்ள கண்ணைச் சரிபண்ணி அனுப்புறேன், நீ வெளிய நின்னு கெடுக்குறியா?"

"படம் எப்படிக்கா இருக்கு?"

"இப்பவே கழட்டுறேன்!"

டிரைவர் குறுக்கிட்டார். "அப்போ படமே இப்படித்தானாம்மா? என் கண்ணுக்கு ஒண்ணுமில்லையா?"

"உங்க கண்ணு ஜோரா இருக்குங்க."

அவர் படத்தை நெருங்கிப் போய்ப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பஸ் ஜன்னல்ல பாத்தா பூ இப்படித்தாம்மா போகும். கழட்டாதீங்க. எதிர்ல உக்காந்தா ஊருக்குப் போற மாதிரி இருக்கு." கண்ணாடியைத் துடைத்தவரும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

வேறு வழியில்லாமல் பெரியவள், "படத்துக்குக் கீழ ஒரு அறிவிப்பாவது எழுதி ஒட்டு" என்று தங்கைக்கு உத்தரவு போட்டாள். சின்னவள் எழுதினாள். கண் பரிசோதனைப் பலகை போலவே வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. 'படம் இப்படித்தான்' என்பது முதல் வரி. 'உங்கள் கண் மேல் சந்தேகம் வேண்டாம்' என்பது அடுத்தது. கடைசி வரி எறும்பளவு: 'இதைப் படிக்க முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்.' அதைப் படித்துவிட்டுச் சிலர் டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போய்விட்டார்கள்.

பெரியவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் தங்கையின் வீட்டு வாசலில் நின்றாள்.

"உலகத்துல எந்தப் பூவும் அப்படி இல்ல. எந்த இடம்னு காட்டு. போட்டோ எடுத்து உன் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டுறேன்."

இருவரும் குன்றுக்குப் போனார்கள். பெரியவள் ஒரு பூவைத் தேர்ந்தெடுத்துக் குனிந்து போட்டோ எடுத்தாள். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. உட்கார்ந்து எடுத்தாள், இன்னொரு கோடு. "கொஞ்ச நேரம் சும்மா இரேன், சனியனே" என்று பூவை அதட்டினாள். நோயாளிகள் கேட்கும் அதே அதட்டல். பூ கேட்கவில்லை. சலவைப் புடவையோடு மண்ணில் முழங்காலை ஊன்றினாள். பிறகு முழங்கையையும். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"அக்கா, பஸ் கெளம்புது!"

"போனா போகட்டும். இங்க ஒண்ணு நிக்கப் போகுது, சத்தம் போடாதே" என்றாள் பெரியவள், புல்லில் குப்புறப் படுத்தபடியே.