கூம்புக்காரருக்கு ஒரு ஓட்டு

எங்கள் கால்பந்து கிளப் வழக்கம்போல இந்த வருடமும் கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. புதியவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ரசிகர் மன்றத்துக்கும் ஒரு ஓட்டு உண்டு. அதை யாருக்குப் போடுவது என்று முடிவுசெய்ய மன்றம் என் சலூனில் கூடியது. ஓசியில் நாற்காலி கிடைக்கும் இடம் வேறு ஏது?

கூட்டத்துக்கு நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் துணி போர்த்தி உட்கார்ந்திருப்பவர் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் தங்கள் தலை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது குறுக்கே பேசினால் இவர் பதில் சொல்லத் தலையைத் திருப்புவார், என் கத்தரி காதைத் தேடிப் போகும். அப்படித் திரும்பியவர்களுக்கு ஒரு பக்கக் கிருதா ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கும். கேட்டால் எனக்குத் தொழில் தெரியாது என்பார்கள்.

களத்தில் மூன்று பேர். கொட்டுகிற மழையிலும் கோட்டைக் கழற்றாத கோட்டுக்காரர் ஒருவர். பெரிய கிளப்புகளில் இருந்தவர். மன்றத்தில் பஸ் டிரைவர் அவர் கட்சி. அடுத்தவர் எங்கள் பழைய கேப்டன். அவருக்காகப் பேச உட்கார்ந்த பல் டாக்டர், கோட்டுக்காரர் பெரிய கிளப்புகளில் இருந்தது உண்மைதான், அத்தனை கிளப்பும் அவரைத் துரத்தியதும் உண்மைதான் என்றார். பஸ் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. ஆடிய காலத்திலேயே கேப்டனுக்குப் பந்து எங்கே என்று தெரியாது என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டார். டாக்டர் திரும்பினார். அவர் பின்தலையில் ஒரு பள்ளம் விழுந்தது. அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நினைத்துக்கொண்டே சீப்பால் மூடிவிட்டேன்.

மூன்றாமவர் என் அத்தான், அக்காவின் கணவர். பல வருடமாகத் துணைக் கோச். பயிற்சிக்கு மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வைப்பதும் பிறகு பொறுக்குவதும் அவர்தான் என்பதால் ஊருக்கு அவர் கூம்புக்காரர். கோச் போனபிறகு சில ஆட்டங்களுக்குத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அணி ஜெயித்துத் தொலைத்தது. அதனால் அவர் பெயரும் அடிபட்டது.

அடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் என் அக்கா. கடையில் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள், மன்றத்திலும் பழைய ஆள். நுனியை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டுக் கணவரைப் பற்றிப் பேசினாள்.

“அவரு ரெண்டாவது ஆளா இருக்கறவரைக்கும்தான் நல்லா இருப்பாரு. முதல் ஆளாக்கிக் கெடுத்துடாதீங்க.”

கட்டிய புருஷன் என்றும் பார்க்காமல் நியாயம் பேசுகிறாளே என்று டாக்டர் உருகினார். நியாயமாவது மண்ணாங்கட்டியாவது! இந்தக் கிளப்பில் தலைமைக் கோச்சின் ஆயுசு ஒரு சீசன். அப்புறம் வீட்டைக் காலிசெய்து, பிள்ளைகளின் பள்ளியை மாற்றி, வேறு ஊர் தேட வேண்டியதுதான். துணைக் கோச்சை யாரும் துரத்துவதில்லை, அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் அக்கா ஊர் ஊராக அலைந்து அலுத்தவள். இங்கேதான் கால் ஊன்றினாள். நானும் அவள் பக்கம்தான். அவள் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

அவள் எழுந்திருக்கவும் அத்தான் உள்ளே வரவும் சரியாக இருந்தது. கூட்டம் நடப்பது அவருக்குத் தெரியாது. எல்லாரும் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்கள்.

“மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும். நாளைக்கு இன்டர்வியூ, பாக்கற மாதிரி வெட்டிவிடு” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாற்காலியில் இருப்பவர் பேச வேண்டும். பஸ் டிரைவரே கேட்டார், இந்த வேலை உண்மையிலேயே வேண்டுமா, அல்லது கூப்பிட்டதற்காகப் போகிறாரா என்று.

அத்தான் தலையைத் திருப்பவில்லை. கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார்.

“இடைவேளைல பசங்ககிட்ட என்ன சொல்லணும்னு எனக்கு எப்பவும் தெரியும். ஆனா தண்ணி பாட்டில நீட்டிட்டு சும்மா நிப்பேன். இந்தக் கொஞ்ச நாள்தான் வாயத் திறந்து சொன்னேன். கேட்டாங்க, ஜெயிச்சாங்க. ரொம்ப ஆசையா இருக்கு. வீட்ல சொல்லல. அவ பயப்படுவா.”

அந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

கை தூக்கச் சொன்னோம். டாக்டர் கேப்டனைக் கைவிட்டு, பள்ளம் விழுந்த தலையோடு அத்தான் பக்கம் வந்துவிட்டார். நானும் தூக்கினேன். எண்ணிப் பார்த்தால் கோட்டுக்காரருக்கும் கூம்புக்காரருக்கும் சமம். தூக்காதவள் அக்கா ஒருத்திதான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள், கணவருக்கு.

துணிக்குள் அத்தானின் தோள்கள் குலுங்கின. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை, என்னிடம்தான் பேசினாள்.

“ஷாம்பு வர்ற அட்டைப்பெட்டிய எல்லாம் இனிமே வெளிய போட்டுடாதடா. அடுத்த வருஷம் சாமான் கட்ட எனக்கு வேணும்.”