அழித்தேன் என்றது கணினி

திரையில் ஒரு கல்யாணமே அழிந்துகொண்டிருந்தது.

மணப்பெண் சிரிக்கும் படம்: அழி. மாமியார் முறைக்கும் படம்: அழி. வரிகள் சரசரவென்று ஓடின.

போட்டோ ஸ்டுடியோவின் பின்னறை. ஸ்டுடியோக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் அசையும் பழைய கணினி அது. மனைவியின் தம்பி அதற்குக் கட்டளைகளை வரிசையாக அடுக்கி ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தந்திருந்தான். படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடு, பிறகு இங்கே அழி. இன்றுதான் முதல் ஓட்டம்.

வெளி டிஸ்க்கைத் திறந்தார். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

நகலும் இல்லை, அசலும் போச்சு!

முன்னறையில் மணப்பெண்ணின் அப்பா காத்திருந்தார். குத்துச்சண்டைப் பயிற்சியாளர். அவர் விரல் சொடுக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

"என்னங்க, படம் ரெடியா?"

"இதோ, ரெண்டே நிமிஷம்!" ஸ்டுடியோக்காரரின் குரல் கீச்சென்றது.

போன் போட்டதும் மச்சினன் வாயில் பன்னோடு வந்தான். பின்னாலேயே அவன் அக்கா.

"எதையாவது தொட்டீங்களா மாமா?"

"உன் கழுத்தைத்தான் இன்னும் தொடல."

ஸ்கிரிப்ட்டைத் திறந்தவன் மெல்லுவதை நிறுத்தினான். "அட, எக்கோவை எடுக்கவே இல்லியா நான்?"

"புரியற மாதிரி சொல்லித் தொலைடா."

"சோதிச்சுப் பாக்க, ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாடியும் எக்கோன்னு போடுவோம் மாமா. அப்போ செய்யப்போறதைத் திரையில சொல்லும், அவ்வளவுதான். செய்யாது. படமெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு."

"அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்குடா," என்றாள் அக்கா. "வாய் கிழியப் பேசும். துரும்பைக்கூட நகர்த்தாது."

ஸ்டுடியோக்காரருக்கு உயிர் திரும்பியது. "அந்தக் கண்றாவியை எடுத்துட்டு ஒழுங்கா ஓட்டு."

எக்கோவை எல்லாம் எடுத்துவிட்டு என்டரைத் தட்டப் போன விரல் அந்தரத்தில் நின்றது. நகல் போகவேண்டிய இடமாக அவன் எழுதியிருந்தது பழைய டிஸ்க்கின் பெயர். போன மாதம் கீழே விழுந்து செத்துப்போன டிஸ்க்! நகல் தோற்றாலும் அடுத்த வரி கவலையே படாமல் எல்லாவற்றையும் அழித்திருக்கும்.

"மாமா... நான் மட்டும் வேலையை முழுசா முடிச்சிருந்தா, இந்நேரம் நீங்க ஆஸ்பத்திரியில."

ஸ்டுடியோக்காரர் அவனை நாற்காலியோடு தள்ளிவிட்டு, படங்களைத் தன் கையாலேயே புது டிஸ்க்கில் போட்டார்.

பயிற்சியாளர் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். "பிரமாதம்! ஒரு படம்கூட விடலையே!"

"பத்திரமா காப்பாத்தினது நான்தான் சார்," என்று முந்திக்கொண்டான் மச்சினன்.

பயிற்சியாளர் அன்போடு அவன் முதுகில் ஒன்று வைத்தார். மிச்சப் பன் தெருவில் போய் விழுந்தது.