படகுத்துறையில் படுத்திருந்த மனிதர்

"அந்தாளு குடிக்கலடா."

"குடிச்சார்னு நாம எங்கக்கா சொன்னோம்? பாட்டுல ஒரு வார்த்தை காட்டு பாப்போம்."

"வாயால சொல்லணுமா? பாத்தா அப்படித்தானே தெரியுது."

"அப்போ பாக்கறவன் கண்ணுல கோளாறு." டெர்வின் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, கால்களை மேஜைக்கு அடியில் நீட்டிக்கொண்டான். "அரே, அஞ்சு நாள்ல மூணு லட்சம் பேர் பாத்திருக்கான். மெயின்லண்ட்ல எவன் எவனோ நம்ம தீவு பேரைத் தேடிப் பாக்கறான். இப்ப வந்து அந்த ஷாட்டைத் தூக்குன்னா எப்படி?"

ஷெர்லின் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தீவுகளின் தலைநகரில், டாலிகஞ்சில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கிற இந்த அறையில் ஆறு வருடமாகக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவள் அவள். டெர்வின் அவளுடைய சித்தி மகன். பாட்டெழுதி, தானே பாடி, அதற்குப் படம் எடுத்துத் தரச் சொல்லி அவளை நச்சரித்தவன். சம்மதித்தது அவள் குற்றம். அதைவிட, நன்றாகச் செய்துவிட்டது பெரிய குற்றம் என்று நேற்றிலிருந்து அவளுக்குப் பட்டுக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலையில், பாட்டைப் படம்பிடித்த லாங் ஐலண்ட் தீவிலிருந்து ருக்கு என்ற பெண் போன் செய்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஐயாவு, பாலகுமார் என்கிற கான்ட்ராக்டரின் சரக்குப் படகில் வேலை பார்க்கிறார். ஒருகாலத்தில் படகுத்துறை ஜெட்டியே படுக்கை என்று குடித்துக் கிடந்தவர். விட்டு இரண்டு வருடமாகிறது. இனித் தொட்டால் அன்றோடு சரி என்ற பேச்சின் மேல்தான் பாலகுமார் அவரைப் படகில் ஏற்றினாராம். இப்போது பாட்டைப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"முகத்தை மட்டும் மங்கலாக்கிரலாமா?" என்றாள் ஷெர்லின்.

"ஆக்கு. அப்புறம் போலீஸ் பிடிச்ச ஆள் மாதிரி இருக்கும்."

அது உண்மைதான். அதனால் அவள் மேலும் சோர்ந்தாள்.

"எடுத்துட்டுப் புதுசாப் போட்டா?"

"மூணு லட்சமும் போயிரும். மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிக்கணும். திங்கட்கிழமை சென்னை மியூசிக் கம்பெனிக்காரன் பேசறான்கா, அதுவரைக்கும் அதுல கை வைக்காதே." அவன் எழுந்து சாவியை எடுத்தான். கதவருகே போனவன் திரும்பி நின்றான். "இன்னொண்ணு. வெட்டாத வீடியோவை எவனுக்கும் காட்டாதே. ஏற்கெனவே கீழ கமென்ட்ல பாதிப் பேர் இதெல்லாம் செட்டப்புன்னு எழுதறான். அது வெளிய போச்சுன்னா நான் காலி. சரியா?"

அவள் தலையசைத்தாள். அசைத்தாளா, கழுத்து வலியில் திருப்பினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

கீழே கடையில் யாரோ தகரம் வெட்டினார்கள். ஷெர்லின் பாட்டை ஓடவிட்டாள்.

தீவு காலியாகிறது என்பதுதான் பாட்டு. அதில் பொய் இல்லை. மூடிக் கிடக்கும் மர ஆலை, ஏழு பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருக்கும் வகுப்பு, பூட்டுத் தொங்கும் வீடுகள், கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள். அவளோடு பத்தாவது படித்த பதினான்கு பேரில் இந்தத் தீவுகளில் மிச்சம் மூன்று பேர். ஆனால் லாங் ஐலண்டில் போய்க் கேமராவைத் திறந்தால் எல்லாம் பச்சையாக இருந்தது. கடல் வெட்கமில்லாமல் நீலமாக மின்னியது. ஒரு ஊர் தேய்வதை அந்த வெளிச்சத்தில் காட்டினால் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கும். அதனால் அவள் நிறத்தை இறக்கினாள். கல்யாணப் பெண்ணின் அம்மா முகத்தில் களை வருவதற்காக திரையில் எந்த நிறக் கோட்டை வலப்பக்கம் தள்ளுவாளோ, அதே கோட்டை இடப்பக்கம் தள்ளினாள். இலை சாம்பலானது, கடல் ஈயமானது. நடக்கிறவர்களைப் பாதி வேகத்தில் நடக்க வைத்தாள். அவ்வளவுதான், ஊருக்குத் துக்கம் வந்துவிட்டது.

அப்புறம் அந்த ஷாட். ஜெட்டியின் சிமென்ட் தரையில் ஒரு மனிதர் மல்லாந்து கிடக்கிறார். அவரைச் சுற்றி ஒற்றைச் செருப்புகள், காலி பாட்டில்கள், ஒரு கிழிந்த பை. கேமரா மெல்ல மேலே போகிறது. செருப்புகளுக்குக் கால்கள் இல்லை. கமென்ட் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

கப்பல் டிக்கெட்டுக்கு வரிசை போட்ட எந்தத் தீவுக்காரனுக்கும் அது என்னவென்று தெரியும். கவுன்டர் திறக்க எட்டு மணியாகும். அதுவரை நிற்க முடியாதவர்கள் ஒரு செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ தங்கள் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யாராவது ஒருவர் அங்கேயே படுத்து அவற்றைக் காவல் காப்பார். அன்று காவல் ஐயாவு. கவுன்டர் ஜன்னல் அசிங்கமாக இருக்கிறது என்று ஷெர்லின்தான் அதை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளினாள். அதோடு வரிசையும் போய்விட்டது. கிடந்த மனிதர் மட்டும் மிஞ்சினார்.

படியில் காலடி கேட்டது. டெர்வின் எதையோ மறந்துவிட்டு வருகிறான் என்று நினைத்தாள். வெளுத்த காக்கிச் சட்டையும், கையில் மடித்த குடையுமாக ஒருவர் வாசலில் நின்றார். நிமிர்ந்து நின்றதால் அவரை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது.

"ஷெர்லின் பாப்பா நீங்கதானே? லாங் ஐலண்ட் ஐயாவு."

"வாங்கண்ணே. உக்காருங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். திரையில் நின்றிருந்த சாம்பல் நிறக் கடலைப் பார்த்தார்.

"நான் இன்னும் முழுசாப் பாக்கல. போன்ல சின்னதாத் தெரியுது. ஒருதடவை போடுங்களேன்."

ஷெர்லினுக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லக் காரணம் கிடைக்காமல் போட்டாள். அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கோயிலில் பூஜை பார்க்கிற மாதிரி பார்த்தார். தன் இடம் வந்ததும் சற்று முன்னால் சாய்ந்தார்.

"வயிறு இவ்வளவு பெருசாவா இருக்கு," என்றார்.

பாட்டு முடிந்த பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்க. பொய்யெல்லாம் இல்ல. எங்க தெருவுல அஞ்சு வீடு பூட்டி பந்த். என் பெரிய மவன் விசாகப்பட்டினத்துல இருக்கான், வந்து மூணு வருசம்." கன்னத்தைச் சொறிந்துகொண்டார். "என்னைப் போட்டதுகூடப் பரவால்ல. ஆனா ரெண்டு வருசம் லேட்டா எடுத்துட்டீங்க. முன்னாடி வந்திருந்தா அது நான்தான். கைகாலைக்கூட அப்படித்தான் போட்டுக் கிடப்பேன்."

"மன்னிச்சிருங்கண்ணே."

"அட, விடுங்க பாப்பா."

அவர் சொன்ன விதத்தில் கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"ஊர்க்காரங்க சொல்லலாமேண்ணே? உங்களை நம்பித்தானே அவ்வளவு பேரும் செருப்பை விட்டுட்டுப் போனாங்க."

"சொன்னாங்க. விசாலாட்சி டீச்சர் போன் போட்டே சொன்னாங்க. பாலகுமார் சாப் கேக்கல. ஊரே சேந்து ஒருத்தனைக் காப்பாத்துதுன்னார். அவர் சொந்தப் படகுல வர்றவர். டிக்கெட் லைன் எப்படிருக்கும்னு அவருக்கு எங்க தெரியும்? காலைல நேர்ல போயிப் பாத்தேன். வாயை ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினேன். இன்னிக்கு இல்ல, அன்னிக்குக் குடிச்சிருந்தேன்கறார்."

அவர் சிரிக்க முயன்றார். ஷெர்லின் மேஜை மேலிருந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அதில் எல்லாம் இருந்தது. கவுன்டர் ஜன்னல், ஒழுங்காக வளைந்து போகும் செருப்பு வரிசை. கேமரா நிழல் மேலே விழுந்ததும் ஐயாவு கண் விழித்து எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாகச் செருப்புகளை விரல் நீட்டி எண்ணி, எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு இவர்களைப் பார்த்துக் கையசைத்தது. ஐயாவு கண் திறப்பதற்கு முந்தைய நொடியில் அவள் வெட்டியிருந்தாள். வெட்டு அங்கே விழுந்தால்தான் பாட்டின் அடி அதில் உட்கார்ந்தது.

"அன்னிக்கு நான் எந்திரிச்சு உங்ககிட்டப் பேசினேன்ல?" என்றார் ஐயாவு. "டீ குடிக்கறீங்களான்னு கேட்டேன். அந்தத் தம்பிகூட சக்கரை கம்மியான்னு கேட்டுச்சு."

"ஆமாண்ணே."

"அதுவும் கேமராவுல விழுந்திருக்கும்தானே?"

கீழே தகரம் வெட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. ஷெர்லினின் போன் மேஜையில் அதிர்ந்தது. டெர்வின். மூன்று லட்சத்து இருபதாயிரம் என்று அனுப்பியிருந்தான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஐயாவு எழுந்து நின்று, சட்டையின் முன்பக்கத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"சாப் நாலு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பார். இங்கேருந்து ஆட்டோவுல பத்து நிமிசம். நீங்க என்கூட வந்து, உங்க கையில இருக்கறதை அவருக்கு ஒரே ஒருதடவை காட்டுவீங்களா பாப்பா?"