ஐம்பத்தோராவது எண்

கார்ட்லெஸ் போன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவர் அதைக் கிடங்காக மாற்றிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனுஷர். உள்ளே ஒரு ஆணி வரவேண்டும் என்றால் வெளியே ஒரு ஆணி போகவேண்டும். அது அவருக்கு வேதவாக்கு. போனில் ஐம்பது எண்கள்தான் பிடிக்கும். ஐம்பத்தோராவது வந்தால் பழையதில் ஒன்றுக்குச் சீட்டுக் கிழியும். யாருக்கு என்பதை அவர்தான் முடிவு செய்வார். மனைவி எண்களை எழுதி வைத்திருந்த நோட்டையும், "இனிமே இந்தக் குப்பை எதுக்கு?" என்று பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்.

பல மாதங்கள் கழித்து ஒருநாள் காலை கடைக்குப் போன மனைவியைப் பார்த்து, பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தினாள். இவள் அக்காவுக்குப் பழைய வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி. "நாளைக்கு உங்க அக்காவுக்குக் கண் ஆபரேஷனாமே! நீங்கதானே கூட இருக்கப் போறீங்க?"

இவள் தலையை ஆட்டிவைத்தாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குள் பஸ்ஸும் போய்விட்டது.

அக்கா தனிக்கட்டை. இரண்டு மாதத்துக்கு முன்பு நகரத்தின் அந்தக் கோடியில் வாடகைக்கு வீடு மாறியிருந்தாள். இவள் இன்னும் அங்கே போனதில்லை, வழியும் தெரியாது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அக்கா இவள் புருஷனிடம், "என் தங்கச்சியைச் சம்பளமில்லாத கிளார்க்கா வெச்சிருக்கீங்க" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள். அதிலிருந்து அவள் கூப்பிடவில்லை. ரோஷக்காரி. புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்று இவளும் கூப்பிடவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போது தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பையைக்கூடக் கீழே வைக்காமல் ஹாலில் இருந்த போனை எடுத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள். பென்ஷன்காரர் சங்கத் தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், இரண்டு பிளம்பர். செத்துப்போன கணக்காளர்கூட இருந்தார். அக்கா இல்லை.

"ஏங்க, அக்கா நம்பர் எங்க?"

"கழிச்சாச்சு. சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கார், இடம் வேணும்ல?" அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்தவர் நம்பரை வெச்சுக்கிட்டு உசிரோட இருக்கறவ நம்பரையா அழிச்சீங்க?"

"அந்த நம்பர்ல அவர் பையன் பேசறான். உங்க அக்கா வாய்க்கு என் போன்ல இடம் கிடையாது. அவ்வளவுதான்."

என் போனாம். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள்.

அங்கே சுவரில் அதே போனின் இரண்டாவது ரிசீவர் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கியது. அடுப்பில் கை வேலையாக இருக்கும்போது பேசுவதற்கென்று வைத்தது. ஆத்திரத்தில் அதன் பொத்தானையும் அழுத்தினாள். திரையில் ஒரே ஒரு எழுத்து வந்தது: A. கீழே ஒரு எண்.

அக்கா எண்தான் அது. அக்கா வீடு மாறிய அன்று போனிலேயே எண்ணைச் சொன்னாள். பால் பொங்கிக்கொண்டிருந்த அவசரத்தில் இவள் ஒரே எழுத்தைத் தட்டிச் சேமித்துவிட்டு ஓடினாள். பிறகுதான் அவர் அதை ஹாலில் முறைப்படி ஏற்றினார். இரண்டு ரிசீவருக்கும் ஒரே பட்டியல் என்று அவர் நினைப்பு. இந்தப் போனில் அது தனி, இது தனி. தொழிற்சாலைக் கிடங்கில் மூலை முடுக்கெல்லாம் சோதனை போட்டவர், சொந்த வீட்டு அடுப்படிக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஒளிந்து பேச அவளுக்கு மனமில்லை. ரிசீவரோடு ஹாலுக்கு வந்து, அவர் எதிரிலேயே நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, நான்தான்."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாடி?"

"திட்டறதை நேர்ல திட்டு. வழியை மட்டும் சொல்லு, கிளம்பிட்டேன்."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "நீ பாட்டுக்குக் கிளம்பினா? மத்தியானச் சாப்பாடு?"

"அலமாரியில எல்லாம் இருக்கு, தேடி எடுங்க. ஸ்டோர் கீப்பர்தானே நீங்க?"

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த அக்கா கண்ணில் கட்டோடு அயர்ந்து தூங்கிய பிறகு, இவள் அக்காவின் போனிலிருந்து தன் வீட்டுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"யாருங்க அது? பேரே வரலையே."

"நீங்க கழிச்ச சரக்குதான் பேசறேன்."

அவர் தொண்டையைக் கனைத்தார். "எப்ப வர்றே?"

"பத்து நாள் ஆகும். அக்கா கண்ணுக்கு மருந்து விடணும். அதுவரைக்கும் நான் வேணும்னா இந்த நம்பர்தான். ஏத்திக்குங்க."

"போன்ல இடமில்லையே..." குரல் ரொம்பவே இறங்கியிருந்தது.

"யாரையாவது கழிங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.