பெயரில்லாத பொத்தான்கள்

"பொத்தான். பொத்தான். படம். பொத்தான்."

ஸுலைஹாவின் கைப்பேசி மூன்றாவது நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனவள் அவள். திரையில் இருப்பதைக் கைப்பேசி வாசித்துச் சொல்லும். கேட்டுக் கேட்டே படித்தாள், கடிதம் எழுதினாள். இப்போது ஓர் அரச அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஓர் இடம் மாற்றுத்திறனாளிக்கென்றே ஒதுக்கப்பட்டது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். அன்று பின்னேரம் நாலு மணியோடு முடிவு.

எந்தப் பொத்தான் எதற்கு என்று அந்த இணையத்தளம் சொல்லவில்லை. குருட்டுத்தனமாக அழுத்தி அழுத்திக் கடைசிவரை போனால், 'படத்தில் தெரியும் எழுத்துகளை எழுதுக' என்றது. படத்திலிருந்த எழுத்தைக் கைப்பேசியால் வாசிக்க முடியவில்லை. அதோடு சரி.

தில்லையடிச் சந்தியில் போட்டோப்பிரதிக் கடை வைத்திருந்த செய்னுலாப்தீன் நல்ல மனிதர். அவள் உதவி கேட்டுப் போனதும், விண்ணப்பத்தைத் திறந்து சத்தமாக வாசித்தார்.

"கலியாணம் முடிச்சா? ஓ... தலாக் ஆனது எந்த வருசம் மகள்?"

வரிசையில் நின்றவர்களின் பேச்சு சட்டென்று நின்றது. ஸுலைஹாவுக்குக் காது சுட்டது.

"வேணாம் நானா, விடுங்க. நான் கந்தோருக்கே போறன்."

பஸ் பிடித்து அவள் புத்தளம் நகரத்திலிருந்த அந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. இணையத்தளத்தைச் செய்து நடத்துகிறவன் நஸீர். முப்பது வயதிருக்கும். எழும்பி வந்து கதிரை இழுத்துப் போட்டான்.

"கடதாசி விண்ணப்பம் எடுக்க ஏலாது ராத்தா, எல்லாம் ஒன்லைன்தான். நாங்களும் ஒவ்வொரு முறையும் இடம் ஒதுக்கித்தான் வெக்கிறம். கண் தெரியாத ஆக்கள் ஒருத்தரும் போடுறதில்ல."

"போடுறதில்லையா?" ஸுலைஹா திரையைக் கறுப்பாக்கிக் கைப்பேசியை அவனிடம் நீட்டினாள். "நீங்க செஞ்ச பக்கந்தானே தம்பி. சத்தத்த மட்டும் கேட்டு, பேர் எழுதுற இடத்துக்குப் போங்க பாப்பம்."

நஸீர் சிரித்துக்கொண்டேதான் வாங்கினான். "பொத்தான்" என்றது குரல். விரலை நகர்த்தினான். "பொத்தான்." மேலே போனான். "படம்." பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் அவன் நெற்றி வியர்த்துவிட்டது. தான் கட்டிய பக்கத்தில் தனக்கே வழி தெரியவில்லை.

"தாங்க ராத்தா, நானே நிரப்பித் தாறன்," என்று தன் கணினிக்கு அவசரமாகத் திரும்பினான். அவனும் கேட்டான், கலியாணம் முடித்ததா என்று. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சான்றிதழ்களைப் படமெடுத்து ஏற்றிக்கொண்டிருக்கையில் நாலு மணியாகிப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. நஸீர் மேலதிகாரியிடம் ஓடினான். தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தான். திரும்பி வந்து சான்றிதழ்களை அவள் கையில் கொடுத்தான்.

"ஏலாதாம், என்ன?" என்றாள் ஸுலைஹா. கைத்தடியை விரித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அந்த இடத்துக்கு ஒருவரும் எடுபடவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி விண்ணப்பம் கேட்டார்கள். அதற்குள் நஸீர் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் கொடுத்திருந்தான். படத்து எழுத்துக்குப் பதிலாகக் கைப்பேசிக்கு ஓர் இலக்கம் வர வைத்தான். ஸுலைஹாவுக்குக் கோல் எடுத்து, பிழை இருந்தால் சொல்லச் சொன்னான். அவள் சொன்ன ஆறு பிழைகளையும் திருத்தினான்.

விண்ணப்பம் திறந்த அன்று, அவள் தன் வீட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே நிரப்பினாள். அவளுடைய வாழ்க்கையை யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. பதினொரு நிமிடத்தில் 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்றது குரல்.

அன்று பின்னேரம் நஸீர் கோல் எடுத்தான். "இப்ப சந்தோசமா ராத்தா? உங்களுக்கு ஒரு உதவி செய்யக் கெடச்சதே, அல்ஹம்துலில்லாஹ்."

ஸுலைஹா களைத்த குரலில் சொன்னாள்:

"கடையில நானா செய்யப் பாத்தாரே, அது உதவி தம்பி. அது எனக்கு வாழ்நாளெல்லாம் கெடச்சிட்டு, அலுத்தும் போச்சு. நீங்க செஞ்சது உதவியில்ல. எல்லாருக்கும் எண்டு கட்டின கந்தோருக்கு எனக்கும் ஒரு வாசல் வெச்சீங்க. அது மொதல் நாளே இரிக்க வேண்டியது."