அவுட்டோர் ஓடலை

எங்க வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. மோட்டாருக்குக் காயில் கட்டறவர். தெருமுனையில ஒரு சின்னப் பட்டறை. கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவாங்க, பழைய செம்புக் கம்பியை உருவி எறிஞ்சுட்டுப் புதுசா சுத்திக் குடுப்பார். தண்ணி மோட்டாரோ லிஃப்ட் மோட்டாரோ, ஸ்க்ரூடிரைவர் முனையை அது மேல வெச்சு, பிடியைக் காதுல ஒட்டிக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடுவார். மோட்டார் முனகினா அவருக்குக் கேக்கும். பொண்டாட்டி சொன்னாத்தான் கேக்காது.

கோவத்துல பேசறேன்னு நினைக்காதீங்க. கோவம் எனக்கு மூக்கு நுனியில இருக்குங்கறதும் நிஜம்தான், அதை யாரும் இல்லைன்னு சொல்லலை. ஆனா இதை நான் நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்.

போன வருஷத்துல இருந்து எனக்கு உடம்பு திடீர் திடீர்னு கொதிக்க ஆரம்பிச்சது. நெஞ்சுல கிளம்பும், கழுத்துக்கு ஏறும், காது மடல் ரெண்டும் தீயும். உள்ளுக்குள்ள யாரோ அடுப்பைப் பத்த வெச்ச மாதிரி இருக்கும். அப்புறம் வேர்த்துக் கொட்டும். வேர்வை அடங்கினதும் நடுங்கும். டாக்டரம்மா பார்த்துட்டு, "மாதவிலக்கு நிக்கற வயசுல இப்படித்தான் இருக்கும், கொஞ்ச காலத்துக்குப் பொறுத்துக்கணும்"னு சொன்னாங்க. பொறுத்துக்கறது வேற யாருக்காவது வர்ற குணம். எனக்கு எங்க வந்தது?

அவர்கிட்ட சொல்லாம இல்லை. "ஏங்க, உடம்பெல்லாம் கொதிக்குதுங்க"ன்னு ஆரம்பிச்சேன். அடுத்த வார்த்தை என் வாயில இருந்து வர்றதுக்குள்ள ஏணியை எடுத்துட்டு வந்து, ஃபேனை இறக்கி, கண்டென்சரை மாத்தினார். இன்னொரு நாள் ஆரம்பிச்சேன், மேஜை ஃபேன் ஒண்ணு வந்தது. மறுபடியும் ஆரம்பிச்சேன், சுவத்துல ஒரு ஃபேன் முளைச்சது. எங்க வீட்டு ஹால்ல நின்னா தலைமுடி நிக்காது, பேப்பர் நிக்காது. நான் வாயை மூடிக்கிட்டேன்.

ராத்திரியில அவர் பக்கத்துல படுக்க முடியாம, பாயை எடுத்துட்டு வாசக்கதவு ஓரமா தரையில படுக்க ஆரம்பிச்சேன். தரையாவது கொஞ்சம் சில்லுன்னு இருந்தது. முதல் நாள் வந்து நின்னு, "என் மேல என்ன கோவம்?"னு கேட்டார். "ஒண்ணுமில்லை"ன்னேன். மறுபடி கேட்கலை. நானும் சொல்லலை. அப்படியே மாசக்கணக்கா ஓடிப்போச்சு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, சாப்பிட வாங்க, தண்ணி வந்துடுச்சு, சாவி எங்க, இதைத் தவிர எங்களுக்குள்ள பேச்சே இல்லாம போச்சு. அதுதான் எனக்குக் கொதிப்பை விடப் பெரிய வேதனையா இருந்தது.

எங்க அக்கா மலைப்பக்கம் குளிர் ஊர்ல இருக்கா. "லீவுக்கு வா. வந்தா இங்கேயே இருந்துடு. இங்க ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீஸ் வேலைக்கு ஆள் தேடறாங்க"ன்னு போன் பண்ணினா. நான் பாக்கற வேலையும் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைதான். சரின்னுட்டேன். லீவு முடிஞ்சு திரும்பி வர்றதா வேண்டாமான்னு அங்க போய் முடிவு பண்ணிக்கலாம்னு நினைச்சுக்கிட்டேன். பாதி முடிவு இங்கேயே பண்ணியாச்சு. பையில கம்பளியோட ஸ்வெட்டரையும் எடுத்து வெச்சேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போச்சு. லீவுக்குப் போறவ ஸ்வெட்டரை எல்லாம் எதுக்கு அள்ளிக் கட்டறான்னு அவருக்கும் புரிஞ்சிருக்கும். ரெண்டு நாள் கழிச்சுக் காலையில பஸ்.

அவர் என்ன பண்ணினார் தெரியுமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கலை. ஏசி வாங்கிட்டு வந்துட்டார்.

பஸ்ஸுக்கு முந்தின நாள் காலையில மாட்டறதுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. படுக்கையறைச் சுவத்துல துளை போட்டு, ஒரு பெட்டியை உள்ள மேலாக்க மாட்டி, அவுட்டோர்னு சொல்ற பெரிய பெட்டியைப் பால்கனியில வெச்சு, நடுவுல குழாயை இழுத்தாங்க. வீடு பூரா சுண்ணாம்புப் புழுதி. காதுல பென்சில் சொருகின மெக்கானிக் ரிமோட்டை என் கையில குடுத்தார்.

"பனி படம் போட்டிருக்கறது கூலிங்மா. சூரியன் படத்துப் பக்கமே போகாதீங்க, அது குளிர்காலத்துக்கு. இருபத்திநாலுல வெச்சுக்கிட்டு, கதவு ஜன்னலைச் சாத்திடுங்க. ஆன் பண்றதும் ரிமோட்லயே, ஆஃப் பண்றதும் ரிமோட்லயே. சுவர் சுவிட்சைத் தட்டிக்கிட்டே இருக்காதீங்க."

எங்க வீட்டுக்காரர் அதைக் காதுலயே போட்டுக்கலை. மெக்கானிக் ஆன் பண்ணிட்டு, கூட வந்தவரோட சேர்ந்து அட்டைப்பெட்டியை மடக்கி, துளை போட்ட குப்பையைக் கூட்டி, என்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சு முடிக்கறப்போ அறை குளுகுளுன்னு இருந்தது. அவுட்டோர் எப்ப ஓட ஆரம்பிச்சதுன்னு ஒருத்தரும் கவனிக்கலை. அவங்க தலை மறைஞ்சதும் இவர் முதல் வேலையா சுவர் சுவிட்சை அணைச்சார். ஆள் இல்லாத அறையில கரண்ட் போகக் கூடாது, அது அவர் சட்டம்.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும், "வா, வந்து படுத்துப் பாரு"ன்னு கூப்பிட்டார். குரல்ல ஒரு கெஞ்சல் இருந்தது. சரி, ஆசைக்கு வாங்கியிருக்கார், ஒரு அரை மணி நேரம் படுத்து எழுந்திரிப்போம்னு போனேன்.

கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார், ஃபேனை நிறுத்தினார். சுவிட்சைப் போட்டு ரிமோட்டை அமுக்கினார். 'பீப்'னு ஒரு சத்தம். வெள்ளை மூடி மெதுவா திறந்து காத்து வந்தது. சாதாரணக் காத்து. கட்டில்ல உட்கார வேண்டிய மனுஷன் நேரா பால்கனிக்குப் போனார். அவுட்டோர் மேல கையை வெச்சுப் பார்த்தார். கால்ல வெந்நீரை ஊத்தின மாதிரி திரும்பி ஓடி வந்து சுவிட்சை அணைச்சார்.

"ஏங்க, இப்பதானே போட்டீங்க?"

"அவுட்டோர் ஓடலை. ஓடாத மோட்டாருக்குக் கரண்ட் குடுத்தா காயில் வெந்துடும். என் பட்டறைக்கு வர்றதுல பாதி அப்படி வெந்ததுதான்."

ஆயுசு பூரா அதைப் பார்த்துப் பார்த்து ஊறினவர். சுத்த வேண்டியது சுத்தலைன்னா கை தானா சுவிட்சுக்குப் போயிடும். டெஸ்டரை எடுத்துட்டு வந்து சோதிச்சார், கரண்ட் சரியா இருந்தது. மறுபடி போட்டார். மூடி திறந்தது, காத்து வந்தது, பால்கனிக்குப் போனார், ஓடி வந்து அணைச்சார். வயரைப் பார்த்தார், மறுபடி போட்டார், மறுபடி அணைச்சார். ஏசியும் என்னதான் பண்ணும், வாயைத் திறந்து திறந்து மூடிச்சு. மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "வேற வீட்டுல ஏணி மேல நிக்கறேன் சார், இறங்கிட்டுக் கூப்பிடறேன்"னு வெச்சுட்டார்.

அந்தச் சாத்தின அறைக்குள்ள, மூணு ஃபேனும் இல்லாம, அட்டைப்பெட்டித் துண்டால விசிறிக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கேன். நெஞ்சுல இருந்து கிளம்பிடுச்சு. கழுத்துக்கு வந்தது, காதுக்கு வந்தது. ஜாக்கெட் முதுகோட ஒட்டிக்கிச்சு.

"போதும், விடுங்க. அக்கா வீட்டுல ஏசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஜன்னலைத் திறந்தாலே போதும்"னு சொன்னேன். வேணும்னே குத்தத்தான் சொன்னேன்.

அவர் டெஸ்டரைக் கையில பிடிச்சபடி நின்னார். சட்டை தெப்பமா நனைஞ்சிருந்தது. "காலையில பஸ்ஸுக்கு முன்னாடி எப்படியாவது ஓட வெச்சுடறேன். நீ போயிடாதே"ன்னார். கண்ணு கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொல்லிட்டு சும்மா இருக்காரா? மறுபடி சுவிட்சைப் போட்டார், ரிமோட்டை அமுக்கினார், பால்கனிப் பக்கம் திரும்பினார்.

எட்டி அவர் மணிக்கட்டைப் பிடிச்சேன்.

"உட்காருங்க."

"அவுட்டோரைப் பார்த்துட்டு..."

"உட்காருங்கன்னு சொல்றேன்."

"மோட்டார் எரிஞ்சுடும்மா."

"எரியட்டும். ஒரு வருஷமா நான் எரியறேன், அதை வந்து பாருங்க. நான் பேசி முடிக்கற வரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு எழுந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தார். மணிக்கட்டை நான் விடலை. விட்டா ஓடிடுவார்.

சொன்னேன். எங்க ஆரம்பிக்குது, எப்படி ஏறுதுன்னு சொன்னேன். பள்ளிக்கூட ஆபீஸ்ல பசங்களோட அம்மா அப்பா எதிர்ல நிக்கறப்பவே முகத்துல இருந்து வேர்வை சொட்டறதையும், அவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறதையும் சொன்னேன். "காரணமே இல்லாம அழுகை வருது. குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழறேன். எடுத்து வெச்சது எங்கன்னு மறந்து போகுது. நான் இனிமே பழையபடி ஆகவே மாட்டேனோன்னு பயமா இருக்குங்க. கோவிச்சுக்கிட்டு வாசல்ல போய்ப் படுக்கலை. பக்கத்துல படுத்தா உங்க உடம்புச் சூடு கூடத் தாங்க முடியலை. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியலை."

அவர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். மூடிக்குள்ள இருந்து அதே வெறும் காத்து வந்துக்கிட்டு இருந்தது. ரெண்டு தடவை அவர் கை சுவிட்ச் பக்கம் துடிச்சதை என் விரல்லயே உணர்ந்தேன். ஆனா எழுந்திரிக்கலை.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"ன்னு கேட்டார்.

"சொல்ல ஆரம்பிச்சேனே. நீங்க ஏணி எடுக்கப் போயிட்டீங்க."

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்"னு சொன்னார். குரல் உடைஞ்சிருந்தது. எனக்கு அவர் மேல இருந்த கோவம் எல்லாம் எங்க போச்சோ, பாவமா இருந்தது.

அப்பதான் பால்கனியில ஒரு அதிர்வு. 'டக்'னு ஒரு சத்தம், அதுக்குப் பின்னாடியே மெதுவா ஒரு உறுமல், அது சீரா ஓட ஆரம்பிச்சது. என் காதுக்கே கேட்டதுன்னா அவர் காதுக்குக் கேட்காம இருக்குமா? அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பிச்சு. நான் மணிக்கட்டை விட்டுட்டேன். போகட்டும், போய்ப் பார்க்கட்டும், அது அவர் சுபாவம்னு நினைச்சேன்.

அவர் முகத்தை என் பக்கமே திருப்பிக்கிட்டார். "குழாயைத் திறந்து விட்டுட்டு அழறேன்னியே, அது எப்ப எல்லாம்?"னு கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள போன் அடிச்சது. ஏணியில இருந்து இறங்கின மெக்கானிக். "சார், சொல்ல மறந்துட்டேன். அணைச்சுப் போட்டா மூணு நாலு நிமிஷம் கழிச்சுத்தான் அவுட்டோர் ஓடும். மோட்டாரைக் காப்பாத்தறதுக்காக அதுவே அப்படி நிறுத்தி வெச்சிருக்கும். நடுவுல அணைச்சீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சுடும்."

வேற நாளா இருந்தா, மோட்டாரைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியான்னு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். "சரிப்பா"ன்னு சொல்லிப் போனைக் குப்புற வெச்சுட்டு, "நீ சொல்லு"ன்னார்.

சொன்னேன். அவர் கேட்டார். நடுவுல எந்தச் சாமானையும் எடுக்க எழுந்திரிக்கலை. அறை ஜில்லுன்னு ஆகி, ஒல்லி உடம்புக்காரர் ரெண்டு தும்மல் போட்டு, போர்வையை இழுத்துத் தோள்ல சுத்திக்கிட்டார். நான் பதினாறுல இருந்ததை இருபத்திநாலுக்கு ஏத்தினேன். இவர்தான், வெச்சா ஒரேயடியா வெப்போம்னு கடைசி வரைக்கும் இறக்கி வெச்சிருந்தார்.

வெயில் தாழ அக்கா போன் பண்ணினா, எந்த பஸ்ஸுல ஏறறேன்னு கேக்க. நான் வரலைன்னேன்.

"ஏன்டி, ஏசி வாங்கிக் குடுத்துட்டா போதுமா உனக்கு? அவ்வளவு நல்லாவா குளிருது?"

"ஏசிக்காக இல்லைக்கா"ன்னேன். "அவர்கிட்ட நான் இன்னும் சொல்லி முடிக்கலை."